மூன்றாவது ‘முடிவாக’

கமாலுதீன் ஹஜ்ரத்துக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. தலையில் இருக்கும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றுவார், ஒரு தரம் ஊதுவார், மறுபடி மாட்டிக்கொள்வார். புதன்கிழமை ஜமாஅத் கூட்டம் முடிந்து வந்ததிலிருந்து அந்தத் தொப்பி எத்தனை தடவை கழன்றது என்று அவர் மனைவி ஜெரினாவுக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

கூட்டத்தில் நடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கல்மண்டபத்துப் பள்ளிவாசலுக்கு இருபது வருடங்களுக்கு மேலாக அவர்தான் இமாம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன்னால் தமிழில் பயான் செய்வதும் அவர்தான். ஆனால் அந்த நேரத்தில் பள்ளி பாதி காலியாகக் கிடக்கிறது. தொழுகை தொடங்கும் சமயத்தில்தான் ஜனம் ஓடி வருகிறது. “ஹஜ்ரத் பேச்சு இப்ப எடுபடல” என்று தலைவர் ஜீஷான் பாய் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஐந்து வேளைத் தொழுகையை ஹஜ்ரத்தே நடத்தட்டும், வெள்ளிக்கிழமை பயானுக்குக் காலடிப்பேட்டையிலிருந்து மார்க்கம் படித்த ஒரு இளம் ஆலிமை அழைத்துக்கொள்ளலாம் என்பது தலைவரின் யோசனை. இந்த ஒரு வெள்ளி பார்ப்போம் என்று கூட்டம் கலைந்தது.

வேலை போகப் போவதில்லை. சம்பளமும் குறையப் போவதில்லை. ஆனாலும் மனிதர் இரண்டு நாளாக உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார். வாரம் முழுக்க மனசில் சேர்த்துவைத்ததை வெள்ளிக்கிழமை மிம்பர் மேடைப் படியில் ஏறிக் கொட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவரிடம் என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை விடிந்தது.

ஜெரினா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். மகன் சுஹைப் தட்டோடு உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் மொபைல் கடை வைத்திருப்பவன், சீக்கிரம் போக வேண்டும். அப்போதுதான் மகள் கௌசர் ஒரு தோழியோடு உள்ளே வந்தாள்.

“அத்தா, இது எழில்மொழி. என் ஆபீஸ்ல வேலை. வியாசர்பாடி.”

“வாம்மா, குந்து. ஜெரினா, பொண்ணுக்கு ஒரு தட்டு வை.”

எழில்மொழி சங்கோஜப்படாமல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி, டிக்கெட் கவுண்டர், கோயில் அன்னதானம் என்று எங்கே கூட்டம் தேங்கினாலும் அது ஏன் தேங்குகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. கார்டில் கன்சல்டன்ட் என்று போட்டிருக்கும். “அடுத்தவன் வூட்டு விஷயத்துல மூக்க நுழைக்கிறதுக்கு மாசாமாசம் சம்பளம்” என்பது அவள் அம்மா தரும் விளக்கம்.

கௌசர் தொண்டையைச் செருமினாள். “அத்தா, கோச்சிக்காதீங்க. நான்தான் கேட்டேன். எழிலு போன ரெண்டு வெள்ளிக்கெழமையும் நம்ம பள்ளிக்கு எதுர டில்லிபாபு அண்ணன் டீக்கடைல குந்திகினு பாத்துகினு இருந்தா.”

தொப்பி கழன்றது.

“இன்னாத்தம்மா பாத்துகினு இருந்தா?”

கமாலுதீன் கேட்டு முடிப்பதற்குள் சுஹைப் எகிறினான். “உனுக்கு இன்னா கொழுப்பு கௌசர்? பள்ளி சமாச்சாரத்துக்கு வெளியாள இட்டுகினு வருவியா? அத்தா ஒரு ஹஜ்ரத்து. அவுருக்கு யோசன சொல்ல ஆபீஸ்லேர்ந்து ஆளு வரணுமா? தலைவருக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும்.”

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தும் அவன் நெற்றியில் வியர்வை. எழில்மொழி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிண்ணத்திலிருந்த தேங்காய்ப்பாலைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.

“சுஹைபு சொல்றது நாயம்தாம்மா,” என்றார் கமாலுதீன். மகன் தன் பக்கம் பேசியதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். “பள்ளி கூர ஒழுவுச்சு, இன்ஜினியர கேட்டோம். எனக்கு சக்கர ஏறுச்சு, டாக்டர கேட்டோம். பயான் அப்டி இல்ல. அது மார்க்கம். அதுக்கு வெளிய ஆளு தேடக்கூடாது.”

“மார்க்கத்தப் பத்தி நான் ஒரு வார்த்த பேசமாட்டேன் ஹஜ்ரத். அது எனக்குத் தெரியாது. நீங்க இன்னா பேசணும்ன்றது உங்க விஷயம். ஜனங்க எப்ப வர்றாங்க, எங்க நிக்கிறாங்க, அது மட்டும்தான் நான் பாத்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கவா?”

“கேளு.”

“பயான் ஏன் அவ்ளோ நேரம் போவுது?”

அவருக்குச் சுருக்கென்றது. “ஆசப்பட்டா இழுக்கறேன்? ஹார்பர்லேர்ந்து ஆளு வரணும். ஐஸ் பேக்டரிலேர்ந்து வரணும். கண்டெய்னர் லாரி சந்துல பூந்து ரோட்டத் தாண்டி வரணும் அவுங்க. வந்து கைகால் கழுவி ஒளு செய்யற வரைக்கும் முடிக்காம புடிச்சிகினு நிக்கிறேன். தொண்ட வறண்டு போவுது. எல்லாம் அவுங்களுக்காகத்தான்.”

“டீக்கடைல அவுங்க இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? ‘ஹஜ்ரத் எப்டியும் இழுப்பாரு, இன்னொரு டீ போடு அண்ணாத்த’ன்றாங்க. அவுங்க வரட்டும்னு நீங்க இழுக்கறீங்க. நீங்க இழுப்பீங்கன்னு அவுங்க வரல. எங்க வியாசர்பாடி புத்த விஹார்லயும் பௌர்ணமி கூட்டத்துல இதே பேஜாருதான்.”

இத்தனை வருடமும் யாருக்காகத் தொண்டை கிழியக் காத்திருந்தாரோ, அவர்கள் எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டு அவர் முடிப்பதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு. ஜெரினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“நீ இன்னாத்துக்கு சிரிக்கிற?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சொல்லு.”

“மைக்ல ‘முடிவாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன்’னு சொல்லுவீங்களே. மொத ‘முடிவாக’ கேட்டா நான் அரிசி களைவேன். ரெண்டாவதுக்கு ஒல வைப்பேன். மூணாவதுக்குத்தான் அரிசி போடறது. நீங்க வூட்டுக்கு வர்றதுக்கும் சோறு வடிக்கிறதுக்கும் சரியா கீது. ஒரு நாள் கொழஞ்சதில்ல.”

கௌசரும் சிரித்துவிட்டாள். இதில் தப்பில்லை, யாராயிருந்தாலும் சிரிப்பார்கள். ஆனால் கமாலுதீன் எழுந்துவிட்டார். தட்டில் இடியாப்பம் அப்படியே கிடந்தது.

“ஹஜ்ரத், இன்னும் பாதி கீது. அதையும் கேட்டுட்டுப் போங்க,” என்றாள் எழில்மொழி.

“கேட்ட பாதியே போதும்மா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சுஹைபும் அவசரமாகக் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே போனான்.

கௌசருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது செய்யப் போய் அத்தாவைப் பட்டினியாக அனுப்பிவிட்டோமே என்றிருந்தது. எழில்மொழிதான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“வுடுடி. மொத பாதில வலிக்கும். எல்லாரும் அதோட எழுந்து போய்டுவாங்க.”

மதியம், பள்ளி.

நாற்காலியில் வயசானவர்கள் சிலர், முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொஞ்சம், தூணில் சாய்ந்தபடி பாங்கு சொல்லும் மோதினார். மற்றபடி பச்சை விரிப்பு காலியாகக் கிடந்தது. முன்வரிசை நடுவில் ஒரு தொழுகை விரிப்பு மட்டும் தனியாக விரித்திருந்தது. அது தலைவரின் இடம். அவர் வரும்வரை யாரும் அதில் உட்காரமாட்டார்கள்.

கமாலுதீன் மிம்பர் படியில் ஏறினார். முஹர்ரம் பிறந்திருந்தது. ஹிஜ்ரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று திங்கட்கிழமையே தீர்மானித்திருந்தார். வருடா வருடம் பேசுவதுதான், வாய்க்குப் பழக்கம்.

“மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்படுகிறார்கள் நபிகள் நாயகம். எதிரிகள் துரத்துகிறார்கள். யாரும் போகாத வழியாகப் போக வேண்டும். அந்தப் பாலைவனத்தில் வழி காட்ட யாரை அமர்த்தினார்கள் தெரியுமா? அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை. அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் வழி தெரிந்தவர். நம்பிக்கையானவர்…”

அவர் நாக்கு அப்படியே நின்றது.

எத்தனை வருடமாக இதைச் சொல்லி வருகிறார்! ஊருக்கெல்லாம் சொன்னார். இன்று காலையில் வழி தெரிந்த ஒரு பெண் வீட்டு வாசல் தேடி வந்தபோது மட்டும் அது எங்கே போயிற்று? வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பினார். கம்பிக்கு அந்தப் பக்கம் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் டில்லிபாபுவின் டீக்கடை. எழில்மொழியும் கௌசரும் ஓரமாக ஒரு பெஞ்சில் இருந்தார்கள். மற்ற பெஞ்சுகளில் வரிசையாக முதுகுகள். தொப்பி போட்ட, தெரிந்த முதுகுகள். அந்த வரிசையில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. காலையில் ஜெரினா இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

சுஹைப் இரண்டாவது டீயைக் கையில் வாங்கி, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

கமாலுதீனுக்கு வலித்தது. ஊரார் வராதது ஒரு வலி என்றால், பெற்ற பிள்ளையே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வேறு வலி. காலையில் அவன் ஏன் அப்படிக் குதித்தான் என்பதும் இப்போது விளங்கியது. அந்தப் பெண் இதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தும் வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“முடிவாக…” என்று வழக்கம்போல் உதட்டுக்கு வந்தது. விழுங்கினார்.

“இன்று இவ்வளவுதான்,” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

மோதினார் தூக்கிவாரிப்போட எழுந்தார். ஹஜ்ரத்துக்கு மயக்கமோ என்று ஓடி வந்தார். “குத்பாவுக்கு பாங்கு சொல்லுங்க” என்று, தொழுகைக்கு முந்திய அரபி உரைக்காக அவர் கை காட்டவும்தான் போய் மைக்கைப் பிடித்தார்.

வீட்டில் ஜெரினா அரிசி டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பாங்கு சத்தம் கேட்டதும் பதறி ஜன்னலுக்கு ஓடினாள்.

டீக்கடையில் ஒரே களேபரம். கிளாஸ்கள் பாதி டீயோடு பெஞ்சில் நின்றன. லாரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டமே சாலையைத் தாண்டியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குழாயடியில் முட்டிக்கொண்டார்கள். ஈரக் கால்களோடு சுஹைப் கடைசி வரிசையில் வந்து சேர்ந்தபோது தொழுகை ஆரம்பித்திருந்தது.

அவனுக்காவது தொழுகை கிடைத்தது. வேலையிலிருந்து நேரே வரும் மற்ற ஹார்பர் ஆட்களும் ஐஸ் பேக்டரி ஆட்களும் எப்போதும் வரும் நேரத்துக்குத்தான் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சலாம் கொடுத்து ஜும்மா முடிந்திருந்தது.

வாசலில் கூச்சல் கிளம்பியது. மீன்பெட்டி தூக்குகிற ஒரு பெரியவர், லுங்கியில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஹஜ்ரத் எதிரில் வந்து நின்றார். அவருக்குக் கோபம்கூட இல்லை.

“நான் ஜும்மா வுட்டதே இல்ல ஹஜ்ரத். இப்ப இன்னா பண்றது?”

“லுஹர் தொழுதுக்கங்க பாய்,” என்றார் கமாலுதீன், தினமும் தொழும் மதியத் தொழுகையைச் சொல்லி. அந்த மனிதரின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தன் வீட்டுக் கோபத்தை மிம்பரில் காட்டப் போய் யாரை அடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. அத்தர் மணக்க, வெள்ளை ஜிப்பாவில் ஜீஷான் பாய் இறங்கினார். எதிரே கலைந்து வரும் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

“இன்னா ஹஜ்ரத் இது? சொல்லாம கொள்ளாம முடிச்சிட்டா? பாதி பேருக்கு ஜும்மா போச்சே!”

டில்லிபாபு மிச்ச கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டே அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்: “தலைவரே, நீங்க எப்பவும் வர்ற டயத்துக்குத்தான் வந்துகிறீங்க! ஹஜ்ரத் நைனாதான் இன்னிக்கி சீக்கிரம் முடிச்சிட்டாரு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பயானுக்கு ஆள் வருவதில்லை என்று புகார் சொன்ன தலைவர் ஒரு பயானைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்பது சந்தி சிரிக்க வெளியே வந்துவிட்டது. ஜீஷான் பாயின் காது சிவந்தது.

கமாலுதீனும் சிரித்திருக்கலாம். புதன்கிழமை பட்டதற்கு வட்டியோடு வாங்கியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. உள்ளே போய் மைக்கைக் கையில் எடுத்தார்.

“தப்பு என் மேலதான். நீங்க வரட்டும்னு நான் இழுத்தேன். நான் இழுப்பேன்னு நீங்க வரல. இத வெளியிலேர்ந்து வந்த ஒரு பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவ சொன்னத முழுசா கேக்காம பாதில எழுந்து வந்துட்டேன். அதான் இன்னிக்கி இப்டி ஆய்டுச்சு. ஜும்மா போனவங்க என்ன மன்னிக்கணும்.”

வாசலில் சத்தம் அடங்கியது. ஐஸ் தண்ணீர் சொட்டிய பெரியவர் தலையை ஆட்டிவிட்டு ஒளு செய்யப் போனார்.

கமாலுதீன் சாலையைத் தாண்டி டீக்கடைக்கு வந்தார். இத்தனை வருடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் அவர் அந்தக் கடைப் பக்கம் வந்ததில்லை. எழில்மொழியும் கௌசரும் எழுந்து நின்றார்கள்.

“மீதி பாதிய சொல்லும்மா.”

“திடீர்னு நிறுத்தக்கூடாது ஹஜ்ரத். இன்ன நேரத்துக்கு முடிப்பேன்னு முன்னாடி வாரமே சொல்லணும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். சொன்ன நேரத்துக்கு, ஒரு ஆளு வந்தாலும் வராட்டியும் முடிச்சிடணும். ஜனங்க தானா பழகிக்குவாங்க. அதத்தான் காலைல சொல்ல வந்தேன்.”

“நான்தான் எழுந்து போய்ட்டேன்.”

“ஆமா.”

மழுப்பாத அந்த ‘ஆமா’ அவருக்குப் பிடித்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்த பெஞ்சில யாரு யாரு குந்துவாங்கன்னு உனக்குத் தெரியும். காலைல நீ சொல்லல.”

“நான் கூட்டத்தத்தான் பாக்கறது ஹஜ்ரத். ஆள பாக்கறதில்ல,” என்றாள் அவள். பிறகு சிரித்தாள். “இன்னும் ஒண்ணு கீது. உங்க பயான ஒண்ணு வுடாம, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கேட்ட ஒரே ஆளு உங்க வூட்லயே கீறாங்க. அவுங்கள எப்பனா கேட்டுக்கிறீங்களா?”

சுஹைப் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றான்.

“அத்தா…”

“காலெல்லாம் ஈரமா கீது. கைலிய மாத்திகினு சாப்ட வா,” என்றார். அவ்வளவுதான். அவனுக்கு அடித்திருந்தால் தேவலை போலிருந்தது.

வீட்டில் அன்று முதல் தடவையாகச் சோறு குழைந்திருந்தது. பதற்றத்தில் ஜெரினா அரிசியைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் ஓடிய ஓட்டம் அப்படி. யாரும் குறை சொல்லவில்லை. பருப்பும் கறியும் சேர்ந்த தால்சா மணம் வீடு முழுக்க நிறைந்திருந்தது. எழில்மொழியும் கௌசரும் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார்கள். சுஹைப் சாப்பிட்டு, தன் தட்டோடு மற்றவர்கள் தட்டையும் கழுவி வைத்தான். கமாலுதீனுக்கு மனசு லேசாகியிருந்தது. பட்டினி கிடந்த வயிறு வேறு, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. ஜீஷான் பாய்.

“ஹஜ்ரத், நீங்க மைக்ல பேசுனத எல்லாரும் நல்லபடியா சொல்றாங்க. மிம்பர் உங்களுதுதான், அதுல மாத்தம் இல்ல.” கொஞ்சம் இழுத்தார். “ஆனா அந்தக் காலடிப்பேட்ட பையனுக்கு நேத்தே வாக்கு குடுத்துட்டேன். அடுத்த வெள்ளி வர்றாரு. வராதன்னு சொல்ல வாய் வரல. நீங்களே எதுனா ஒரு யோசன பண்ணுங்க.”

கமாலுதீன் போனை வைத்தார். ஒரு மிம்பர், இரண்டு பேர். இடது கை தொப்பிக்குப் போயிற்று. பாதி வழியில் இறங்கிவிட்டது.

“ஜெரினா.”

“இன்னாங்க?”

“நான் இன்னா பண்ணட்டும்? நீ சொல்லு.”

கல்யாணம் ஆன நாளாக அவள் கேட்டிராத கேள்வி. ஜெரினா கரண்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நெஜமாத்தான் கேக்கறீங்களா?”

“நெஜமாத்தான்.”

“பாதில எழுந்து ஓடமாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“மொதல்ல அந்த ‘முடிவாக’வ வுட்டுடுங்க.”

“வுட்டாச்சு. அப்புறம்?”

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவருக்கு அது பழக்கமில்லை.

“அடுத்த வெள்ளி அந்தப் புள்ளையே பேசட்டும். நீங்க கீழ விரிப்புல, ஜனத்தோட ஜனமா குந்தி முழுசா கேளுங்க. இருபது வருஷமா பேசிகினே கீறீங்க. ஒரு பயானாவது குந்திக் கேட்டுக்கிறீங்களா?”

சோற்றில் இருந்த அவர் கை நின்றுவிட்டது. வெளியாள் சொன்னதைக் கேட்கவே இன்றைக்கு ஒரு ஜும்மா விலை கொடுத்தாயிற்று. இது வீட்டாள் சொல்வது, அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆனால் சொன்ன வாக்குப்படி அவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் தால்சா ஊத்து,” என்றார்.

யோசிக்க நேரம் வேண்டும்போதெல்லாம் அவர் தால்சாதான் கேட்பார் என்பது ஜெரினாவுக்குத் தெரியும். அவள் இரண்டு கரண்டியாக ஊற்றினாள்.